மணல்மேல் ஓர் ஊர்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. அன்று காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த ‘தானே’ புயல், பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. முந்திரிக் காடுகள் ஒரே காலைப்பொழுதில் விறகுக் குவியலாயின. பேரப்பிள்ளைகள் காய் பறிப்பார்கள் என்று எண்ணிப் பாட்டன்மார் வைத்த மரங்கள் அவை. அன்று எங்கள் ஊரில் அழாதவர் குறைவு. ஆயினும் ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை: பண்ருட்டி மனிதர் வாழத் தகுதியுள்ள இடந்தானா என்று. விழுந்த மரங்களைக் கணக்கெடுத்தார்கள். இழப்பீடு பற்றிப் பேசினார்கள். மக்கள் கன்று தேடிப் போய் மீண்டும் நட்டார்கள். அப்படித்தான் நடக்கவேண்டும் என்று நாமும் நினைத்தோம்.

அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்னர், அதே டிசம்பர் மாதத்தில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், தமிழகத்தின் மற்றொரு கடற்கரையில் அந்தக் கேள்வி எழுந்தது. ‘தகுதியற்றது’ என்ற விடையும் சொல்லப்பட்டது. அந்த ஊர் தனுஷ்கோடி. சில ஆண்டுகளுக்கு முன் ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்குத் திருப்பயணம் சென்ற எங்கள் பங்கு மக்கள், திரும்பும் வழியில் இராமேசுவரம் தீவுக்கும் சென்றோம். இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரருகே நின்றபோது, நம் ஊருக்குக் கிடைத்த விடையும் இந்த ஊருக்குக் கிடைத்த விடையும் ஏன் வேறுபட்டன என்ற எண்ணம் என்னைப் பற்றிக்கொண்டது. அதனைத் தொடர்ந்து படித்தவையும் நினைத்தவையுமே இக்கட்டுரை.

முதலில் தீவின் அமைப்பைச் சொல்லவேண்டும். இராமேசுவரம் தீவு, பாம்பன் தீவு என இரு பெயராலும் வழங்கும் இந்நிலம் மேற்கே பாம்பன் பக்கம் அகன்று, கிழக்கே செல்லச் செல்ல ஒடுங்கி, இறுதியில் ஒரு மணல் நாக்காக நீள்கிறது. பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 30 கி.மீ. வடக்கே பாக்கு நீரிணை; தெற்கே மன்னார் வளைகுடா. பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், ஓயாது இரையும் தென்கடலை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் அழைப்பர். இந்நிலம் தீவானதே ஒரு புயலால்தான் என்றொரு பழைய வழக்கும் உண்டு. 1480-ஆம் ஆண்டளவில் வீசிய பெரும்புயல் ஒன்று, அதுவரை நடந்து கடந்த நிலத்தொடர்பை அறுத்துவிட்டது என்பர். அது உண்மையாயின், புயலால் பிறந்த ஒரு தீவைப் புயலுக்குத் தகுதியற்றது என்று சொல்வதில் சிறிது வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

தீவில் ஆறு இல்லை. அங்குள்ள குடிநீரெல்லாம் மழை தந்தது. மணலில் விழும் மழைநீர் கீழே இறங்கி, உள்ளே பரவியிருக்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்ததல்லவா? நிலம் அகன்ற இடத்தில் இந்த நன்னீர்ப் படலம் தடித்திருக்கும். ஒடுங்கிய இடத்தில் மெலிந்திருக்கும். ஆகவே பழங்காலக் குடியிருப்புகள் தீவின் அகன்ற மேற்குப் பகுதியிலேயே அமைந்தன. பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் தென்னையும் பனையும் செழித்தன. கிணறுகள் வற்றாமல் ஊறின. தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுகள் இன்று தமிழகத்தின் பல மூலைகளுக்கும் போகின்றன என்றால், அந்த மணலுக்கடியில் இருக்கும் நீரின் வளத்தை நாம் உணரலாம். அதே ஊரின் வேர்க்காட்டில்தான் சந்தியாகப்பர் ஆலயம் நிற்கிறது. நடுவே கோவில் நகரம். அதற்கும் கிழக்கே, மெலிந்த மணல் நாக்கில், பருவத்துக்குப் பருவம் குடிசை போட்டு மீன்பிடிக்கும் மக்களும், இரு கடலும் கூடுமிடத்தில் நீராட வரும் பயணிகளுமே இருந்தனர். கிணறு இருந்த இடத்தில் மக்கள் இருந்தார்கள். கிணறு மெலிந்த இடத்தில் மக்களும் மெலிந்திருந்தார்கள். எவரும் திட்டமிடாமலே அமைந்த ஒழுங்கு அது.

இந்த ஒழுங்கை மாற்றியது இரயில்.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. பாம்பன் நிலையத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சுமார் 10 கி.மீ. ஓடி இராமேசுவரத்தை அடைந்தது. மற்றொன்று சுமார் 24 கி.மீ. ஓடித் தனுஷ்கோடியை அடைந்தது. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, காத்திருக்கும் கப்பலில் ஏறி, தலைமன்னாரில் மீண்டும் இரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். ‘போட் மெயில்’ என்ற பெயரை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுதான். கடற்பயணம் குறுகியதாக இருக்கவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, இந்தியாவின் கடைசி மணலில் ஒரு நகரம் எழுந்தது. இரயில் நிலையம் வந்தது. சுங்கச் சாவடி வந்தது. அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி, விடுதிகள், கோவில், தேவாலயம் எல்லாம் வந்தன. சுவர்களைப் பவளப்பாறைக் கற்களால் கட்டினார்கள். கிணற்றைப் பார்த்துக் குடியேறிய மக்களின் இடத்தில், கால அட்டவணையைப் பார்த்துக் குடியேறிய மக்கள் வந்தார்கள்: அலுவலர், கூலிக்காரர், வணிகர், விடுதிக்காரர்.

அவ்வழியே போனவர்கள் யார் என்பதையும் மறக்கலாகாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் கூலிகள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்தபின், இந்தப் பாலத்தையும் இந்த மணலையும் கடந்து கப்பலேறினார்கள். துறைமுகத்தின் வரவு செலவில் அவர்கள் தலைகள் எண்ணப்பட்டன. அவர்களுள் பலருக்குத் தாய்நாட்டில் கடைசியாகப் பார்த்த மண் தனுஷ்கோடி மணலே.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா திரும்பப் பெற்றுக்கொள்வதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் அதில் முடிவாயிற்று. அம்மக்கள் போன வழியாகவே திரும்பி வந்திருப்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம் ஆகுமுன் அந்த வழி இல்லாமற் போயிற்று.

டிசம்பர் 17-ஆம் நாளளவில் தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றியது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே புயல் உருவாவது அரிது. 19-ஆம் நாள் அது கடும்புயலாகி மேற்கு நோக்கி நகர்ந்தது. 22-ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைத் தாக்கி, அன்றிரவே பாக்கு நீரிணைப் பக்கம் வந்தது. மணிக்கு 280 கி.மீ. வரை காற்று வீசியதாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். ஆயினும் தனுஷ்கோடியை அழித்தது காற்றைவிட நீரே. புயலின் காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகிறது. ஆழ்கடலானால் தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பிச் சென்றுவிடும். பாக்கு நீரிணையோ ஆழமில்லாத கடல். அங்கே நீருக்குத் திரும்பிப் போக இடமில்லை; அது மேல்நோக்கி எழுகிறது. 7 மீட்டர் உயரம் எழுந்ததாகச் சொல்லப்படும் அந்த நீர், கடல்மட்டத்துக்குச் சிறிதே மேலிருந்த மணல் நாக்கின்மேல் ஏறிச் சென்றது. வடகடலும் தென்கடலும் நடுவில் ஊர் இருந்த இடத்தில் சந்தித்துக்கொண்டன.

அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பயணி வண்டி புறப்பட்டது. அதில் 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியரும் இருந்தனர் என்பது பதிவு. தனுஷ்கோடியை நெருங்குகையில் அடையாள விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் நின்று பார்த்தார். பிறகு ஊதலை நீட்டி ஒலித்துவிட்டு மெல்ல முன்னே நகர்ந்தார் என்பார்கள். சிறிது நேரத்தில் பேரலை ஒன்று வண்டியை முழுவதுமாகக் கொண்டுபோயிற்று. ஒருவரும் பிழைக்கவில்லை. தந்திக்கம்பிகள் அறுந்து கிடந்ததால் செய்தி வெளியுலகை எட்டவே காலம் பிடித்தது.

இவ்விடத்தில் சற்று நிற்கிறேன். அந்த வண்டியில் இருந்தவர்களின் எண்ணிக்கை நமக்குத் தெரிகிறது. காரணம், பயணச்சீட்டுக்கு எண் உண்டு. சீட்டு வாங்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பர் என்று கருதி, 200 வரையும் சொல்வார்கள். ஆனால் கரையோரக் குடிசைகளில் இருந்தவர்கள்? அவர்களுக்குச் சீட்டில்லை, பேரேடில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாக அப்புயலில் 1,800 பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த எண்ணின் பெரும்பகுதி, யாரோ ஒருவர் கரையில் நின்று காணாதவர்களை நினைத்து நினைத்துக் கூட்டிய கணக்காகத்தான் இருக்கமுடியும்.

இராமேசுவரத்தில் நீர் கோவில் வாயிலை நெருங்கி நின்றது. நூற்றுக்கணக்கான மக்கள் கோவிலுக்குள் தஞ்சம் புகுந்து உயிர் பிழைத்தனர். திரைக்கலைஞர்களான ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அன்று அங்கே அகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காலச் செய்தித்தாள் வாசகருக்குத் தீவின் நினைவு அவர்கள் பெயரோடு கலந்தே தங்கியது.

பாம்பன் பாலத்தின் 120-க்கும் மேற்பட்ட உத்தரங்களைக் கடல் பறித்துச் சென்றிருந்தது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் அசையாமல் நின்றது. பாலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு 32 வயதான இ. ஸ்ரீதரன் என்ற பொறியாளரிடம் வந்தது. கடலில் கிடந்த உத்தரங்களைத் தேடி மீட்டு, 46 நாள்களில் பாலத்தை மீண்டும் இயங்கச் செய்தார். பிற்காலத்தில் கொங்கண் இரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்த அதே ஸ்ரீதரன்தான். அவருடைய ஆற்றலைப் போற்றாமல் இருக்கமுடியாது. ஆனால் சீரமைந்த பாலத்தைக் கடந்து வந்த இரயில், பாம்பனில் இடப்பக்கம் திரும்பி இராமேசுவரத்துக்குப் போனது. தனுஷ்கோடிக்கு அது மறுபடி போகவே இல்லை. அன்றைய சென்னை மாநில அரசு அவ்வூரை மனிதர் வாழத் தகுதியற்ற இடமென அறிவித்தது.

அந்த அறிவிப்பை இரக்கமற்றது என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. அந்தக் காலையைக் கண்ட எந்த அதிகாரியும் அங்கே மீண்டும் ஒரு பள்ளிக்கூடம் கட்டக் கையெழுத்திட்டிருக்கமாட்டார். செயற்கைக்கோள் காட்சி இல்லாத காலம். முன்னெச்சரிக்கை போய்ச் சேர வழியில்லாத இடம். ஆயினும் அந்தச் சொல் யாருக்கு என்ன பொருள் தந்தது என்று பார்க்கவேண்டும். சுங்க அலுவலருக்கு அது இடமாற்ற ஆணை. வணிகருக்கு, இராமேசுவரத்தில் கடை தேடவேண்டும் என்ற செய்தி. மீனவருக்கோ அது வேறொன்று. அவருடைய பிழைப்பு இரயிலில் வரவில்லை. ஆகவே இரயிலோடு போகவும் இல்லை. இரு கடலும் மீனும் இருந்த இடத்தில் இருந்தன. அவர் திரும்பி வந்தார்.

தனுஷ்கோடி மீனவரின் வாழ்க்கை ஓராண்டில் இரு கடலுக்கும் இடையே அசைவது. வடகிழக்குப் பருவக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கரையில் வலை விடுவர். தென்மேற்குக் காற்றில் தென்கடல் சீறும்போது வடகரைக்குப் பெயர்வர். கரைவலை இழுக்கப் பிற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து, பருவம் முடிந்ததும் போய்விடுவர். குடிசை என்பது தென்னங்கீற்றும் கழியும். ஒரே நாளில் பிரிக்கலாம், ஒரே நாளில் கட்டலாம். குடிநீருக்கு மணலில் சில அடி தோண்டுவர். ஊற்றெடுக்கும் நன்னீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவர். ஆழத் தோண்டினால் உப்பு வரும். அவசரமாக அள்ளினாலும் உப்பு வரும். பொறுமையாக அள்ளவேண்டும். எங்கள் குழுவிலிருந்த ஒருவர் அந்த நீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, நம் வீட்டுக் குழாய் நீரைவிட நன்றாயிருக்கிறதே என்றார், நானும் குடித்தேன், அவர் சொன்னது உண்மை.

மணல்மேல் வீடு கட்டிய மதியற்றவனைப் பற்றிய உவமையை நாம் ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். மழை பெய்தது, வெள்ளம் வந்தது, அந்த வீடு விழுந்தது. அந்த உவமையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த எனக்குத் தனுஷ்கோடி ஒரு சிக்கலைத் தந்தது. அங்கே மணல்மேல் கல்வீடு கட்டியவர்கள் போய்விட்டார்கள். மணல்மேல் கீற்றுவீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். தேவாலயத்தின் கூரை இல்லை. பீடத்தின் பின்சுவரில் வானம் தெரிகிறது. பவளக்கற்கள் காற்றில் அரித்து, தொட்டால் விரலில் மாவாக ஒட்டுகின்றன. அந்தச் சுவருக்குச் சற்றுத் தொலைவில் கீற்றுக் கொட்டகையின் கீழ் ஒரு தாய் சங்குமாலை விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய மாமியார் புயலுக்கு முன்பே அங்கே மணமாகி வந்தவராம். ஊர் அழிந்துபோனது என்று எங்களில் ஒருவர் சொன்னதற்கு, அழிந்தது அங்கே என்று இரயில் நிலைய இடிபாட்டைக் காட்டினார். நாங்கள் இங்கேதானே இருக்கிறோம் என்றார்.

அங்கே இருந்தார்கள் என்றாலும், எளிதாக இருந்தார்கள் என்று கொள்ளலாகாது. தகுதியற்ற இடத்தில் குடியிருப்பவருக்குப் பட்டா கிடைப்பது எளிதல்ல. நெடுங்காலம் மின்சாரம் இல்லை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலையே இல்லை. பேறுகாலப் பெண்ணையும் காய்ச்சல்காரக் குழந்தையையும் மணலிலும் சேற்றிலும் செல்லும் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும். அப்படிப் போன பல ஆண்டுகளில் எத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்பதைப் புயல் இழப்புக் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை. புயலின் ஆபத்து அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவது. சாலையில்லாமையின் ஆபத்து ஒவ்வொரு இரவும் வருவது. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்திவிட்டோம் என்பதே என் மனக்குறை.

அதற்கிடையே தீவின் மக்கட்பரப்பு முற்றிலும் மாறியது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறி, 1980-களின் முற்பகுதி வரை தலைமன்னாருக்குச் சென்றுவந்தது. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் அங்கேதான் வந்திறங்கினர். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்தவர்களைப் படகுக்காரர்கள் இரவில் இறக்கிவிட்ட இடங்களுள் ஒன்று, வாழத் தகுதியற்றதென்ற அதே அரிச்சல்முனை மணல். விடியும்வரை அங்கே குந்தியிருந்தவர்களுக்கு முதல் குடிநீர் தந்த கை பெரும்பாலும் மீனவர் கையாகவே இருந்திருக்கும். பின்னர் அவர்கள் மண்டபம் முகாமில் சேர்க்கப்பட்டனர். தாத்தா சோதனைக்காக நின்ற முகாமிலேயே பேரன் அகதியாக நின்றான்.

விசைப்படகுகள் பெருகின. படகுத்துறையும் பனிக்கட்டி ஆலையும் இராமேசுவரத்தில் இருந்தபடியால் மீனவக் குடும்பங்களும் அங்கே குவிந்தன. 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கப்பட்டது. பயணிகள் பேருந்தில் வரத்தொடங்கினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இராமேசுவரம் நகரின் மக்கள்தொகை 44,000-ஐத் தாண்டியிருந்தது. பாதுகாப்பான இடம் என்று எண்ணி மக்கள் குவிந்த அந்நகரில், 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, தெருக்கள் கால்வாயாயின. மணல் நாக்கில் அதே மழை விழுந்திருந்தால் மணல் அதனைக் குடித்திருக்கும். நகரிலோ சிமென்டுத் தரையும் அடைபட்ட வடிகாலும் இருந்தன. மக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தினால், இடரும் வேறு உருவத்தில் பின்னாலேயே வந்துவிடுகிறது.

உலகில் பிற தீவுகளிலும் இக்கதை நடந்திருக்கிறது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவுப் பகுதியைத் தாக்கிய புயலில் 3 இலட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். ஆற்று வண்டலால் ஆன அந்தத் தீவுகளில், நீர் வடிந்ததும் நிலமற்ற ஏழைகள் மறுபடி குடியேறினர். வேறெங்கும் அவர்களுக்கு நிலமில்லை. நம் நாட்டின் நிக்கோபார் மாவட்டத்தில் 2001-இல் 42,068 பேர் இருந்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் எடுத்த 2011 கணக்கில் அது 36,842 ஆகக் குறைந்தது. பிழைத்த நிக்கோபாரிகள் கரையோரத் தென்னந்தோப்புகளை விட்டு உள்நிலத்தில் தகரக் கொட்டகைகளுக்கு மாற்றப்பட்டனர். கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில், சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர் சிலர் அதற்கு முன்பே குடியமர்த்தப்பட்டிருந்தனர். ஒரு தீவிலிருந்து பெயர்த்து மற்றொரு தீவில் நட்ட அவர்களைக் கடல் அங்கேயும் தேடி வந்தது.

தனுஷ்கோடிக்கு வடக்கே கடலில் உள்ள கச்சத்தீவை நம் வாசகர் நன்கு அறிவர். 285 ஏக்கர் நிலம். புயலோ பேரலையோ அதனை ஆளற்றதாக்கவில்லை. குடிநீர் இல்லாததால் அங்கே என்றுமே நிலையான குடியிருப்பு எழவில்லை. ஆயினும் புனித அந்தோனியார் திருவிழாவின்போது, ஆண்டில் இரண்டு நாள், இரு கரையிலிருந்தும் படகில் வரும் மக்களால் அது நிறைந்துவிடுகிறது. செபமாலையோடு குடிநீர்ப் பானையும் கொண்டுபோகவேண்டிய திருப்பயணம் அது. 1974-இல் எல்லைக்கோடு மாறியது, போர்க்காலத்தில் விழா நின்றது, பின்னர்த் தொடர்ந்தது. மக்கள் வாழாத இடத்துக்கும் மக்களுக்கு உரிமையுணர்வு உண்டு என்பதை அந்தத் தீவைப்போல் எந்தக் கணக்கெடுப்பும் காட்டுவதில்லை.

தனுஷ்கோடியும் இப்போது வேறொரு வகையில் நிறைகிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. காலை முதல் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. இடிந்த தேவாலயத்தின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாலை ஆறு மணிக்குள் காவலர் அனைவரையும் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். பகலில் ஆயிரக்கணக்கானோர், இரவில் மீனவர் மட்டும். சாலை வரமுடியாது என்று அரை நூற்றாண்டு சொல்லப்பட்ட இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சாலை வந்ததில் மீனவருக்கும் பயன் உண்டு. பிள்ளைகள் பேருந்தில் போகிறார்கள், நோயாளியை விரைவில் கொண்டுபோக முடிகிறது. யாருக்காகப் போட்டால் என்ன, சாலை சாலைதானே என்று எண்ணிக்கொள்ளவேண்டியதுதான்.

முன்னெச்சரிக்கை இன்று மாறிவிட்டது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் ‘புரெவி’ புயல் திருகோணமலை அருகே இலங்கையைக் கடந்து, 1964-இல் வந்த வழியையே ஏறக்குறைய பின்பற்றிப் பாம்பனை நோக்கி வந்தது. தனுஷ்கோடி மீனவர்களை முன்கூட்டியே அழைத்துச் சென்று பாதுகாப்பான கட்டடங்களில் தங்கவைத்தனர். படகுகளைக் கரையேற்றிக் கட்டினர். புயல் பாம்பன் அருகே வந்து வலுவிழந்து, நகராமல் அங்கேயே கிடந்தது. அதன் மழை வடக்கே நம் கடலூர் மாவட்டத்திலும் கொட்டியது. சிதம்பரம் நடராசர் கோவிலுக்குள் நீர் புகுந்தது, வயல்கள் மூழ்கின, பண்ருட்டியில் எங்கள் தெருவிலும் கணுக்கால் அளவு நீர் நின்றது. நான் நூல்களைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில், தனுஷ்கோடிக்காரர்கள் தங்கிய கட்டடத்தைவிட்டு மணலுக்குத் திரும்பி, நனைந்த வலைகளைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.